மறியலில் இருந்தவரைக் கடை வேலைக்கு எடுக்கலாமா?

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து புதிதாகக் கடை திறந்திருக்கிறீர்கள். கல்லாவுக்கு ஆள் தேடியபோது வந்த ஒருவர், களவுக்காக எட்டு மாதத் தண்டனை பெற்றதாகத் தானே சொல்லிவிட்டார். எடுக்கலாமா, சட்டம் விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

எடுப்பதற்குத் தடையில்லை. மறுப்பதற்குத்தான் சில வேளை தடை உண்டு. 1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, குறித்த காலம் கழிந்ததும் பழைய தீர்ப்பு 'ஸ்பென்ட்' (இனிக் கணக்கில் எடுக்கப்படாதது) ஆகிவிடும். பிறகு அதைக் காட்டிச் சாதாரணக் கடை வேலையை மறுக்கக்கூடாது. நீங்கள் கேட்டாலும் அவர் சொல்லத் தேவையில்லை.

2023 அக்டோபர் 28 முதல், ஒரு வருடம் வரையான சிறைத்தண்டனைக்கு அந்தக் காலம் ஒரு வருடம். பலர் பிழைவிடுவது எண்ணும் இடத்தில்தான். வெளியே வந்த நாளிலிருந்து அல்ல, தண்டனை முழுதாக முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும். 2024 மார்ச்சில் எட்டு மாதம் கிடைத்தவர் ஜூலையிலேயே வெளியே வந்திருக்கலாம். தண்டனை முடிந்தது நவம்பரில். இடையில் வேறு குற்றம் இல்லையென்றால் 2025 நவம்பரில் ஸ்பென்ட். (ஸ்கொட்லாந்தில் கணக்கு வேறு.)

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் பேசிக் டிபிஎஸ் என்ற அடிப்படைக் குற்றப்பதிவுச் சான்றிதழ் போதும். அதற்கு அவர் சம்மதம் வேண்டும். ஸ்பென்ட் ஆனவை அதில் வராது. கடை வேலைக்கு அதற்கு மேற்பட்ட டிபிஎஸ் கேட்க முடியாது. "பொலிஸில் உங்கள் முழுப் பதிவையும் எடுத்து வாருங்கள்" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அப்படி வற்புறுத்துவது 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், மாட்டுவது நீங்கள்தான்.

என் கருத்து: எடுங்கள். கேட்காமலே வாய் திறந்து சொன்ன ஆள். சாவி வெட்டி, சப்பாத்துத் திருத்தும் டிம்ப்சன் நிறுவனம் மறியலில் இருந்து வந்தவர்களைப் பல வருடங்களாக எடுக்கிறது. அதன் கடைகள் பலவற்றில் ஒரே ஆள்தான் நிற்பார், கல்லாவும் அவர் கையில். பிடிபடாத கள்ளனுக்குப் பதிவே இருக்காது என்பதையும் நினையுங்கள். அதனால் யாரை எடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் கல்லா இயந்திரத்தில் தனி எண் கொடுங்கள், ஷிப்ட் மாறும்போது இருவர் சேர்ந்து காசை எண்ணுங்கள், ரீஃபண்ட் (காசு திருப்பிக் கொடுத்த) ரசீதுகளைத் தினமும் பாருங்கள். கல்லாக் களவு ரீஃபண்டில் ஒளிந்திருக்கலாம்.

தண்டனை இன்னும் ஸ்பென்ட் ஆகவில்லையென்றால், அவர் வேலை தொடங்குமுன் கடைக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். ஊழியர் களவுக்கான பகுதியில் இதைப்பற்றி நிபந்தனை இருந்தால், முகவரிடம் தெரிவித்துப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.