வளைவில் நம்மைத் தள்ளுவது எது?

கேள்வி: ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் பஸ்ஸில் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம்தான் சாய்கிறேன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தோள் போய் இடிக்கிறது. ஆனால் பிஸிக்ஸ் டீச்சர், விசை உள்பக்கம்தான் என்கிறார். எது சரி?
(பிளஸ் ஒன் மாணவி, பொள்ளாச்சி)

பதில்: டீச்சர் சொல்வதுதான் சரி கண்ணு, உன் தோள் வலியே அதற்குச் சாட்சி. ரோட்டோரம் ஒருவர் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள். பஸ் திரும்புகிறது, உன் உடம்போ வந்த திசையிலேயே நேராகப் போகப் பார்க்கிறது. அதற்குள் பஸ்ஸின் பக்கச் சுவர் குறுக்கே வந்து தோளில் மோதி உன்னை உள்நோக்கித் தள்ளுகிறது. நீ வெளியே தள்ளப்படவே இல்லை, உள்ளே தள்ளப்பட்டதைத்தான் தோள் உணர்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பஸ் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 12.5 மீட்டர் என்று வைத்தால் முடுக்கம் (வேகம்×வேகம்÷ஆரம்) 5×5÷12.5 = 2 மீ/வி². உன் எடை 50 கிலோ என்றால் உன்னைத் திருப்ப 100 நியூட்டன் வேண்டும், ஏறக்குறைய 10 கிலோ அரிசிப் பை அழுத்துகிற அளவு. இதுதான் மையநோக்கு விசை, சீட்டின் உராய்வும் சுவரும் சேர்ந்து தருவது.

சரி, பஸ்ஸுக்குள் இருந்தே கணக்குப் போட்டால்? அங்கே நீ அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய், ஆனால் 100 நியூட்டன் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது, விசை இருந்தால் வேகம் மாற வேண்டும் என்கிற நியூட்டன் விதி உதைக்கிறது. அதைச் சரிக்கட்ட வெளிநோக்கி 100 நியூட்டன் சேர்த்துக்கொள்கிறோம், அதுதான் மையவிலக்கு விசை என்கிற போலி விசை. திரும்புகிற, பிரேக் போடுகிற பஸ் நிலைமக் குறிப்பாயம் (போலி விசை சேர்க்காமலே நியூட்டன் விதி பொருந்துகிற பார்வை இடம்) இல்லை, அதனால்தான் இந்தச் சேர்ப்பு. நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் தேவையே இல்லை. அமைதியாகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவருக்குக் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது என்று கலிலியோ 1632-லேயே எழுதிவிட்டார்.

எந்த விசையைப் பார்த்தாலும் "இதைக் கொடுப்பது யார்?" என்று கேள். சுவர் உன்னைத் தள்ளினால் நீயும் சுவரைத் தள்ளுகிறாய். மையவிலக்கு விசைக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. பரீட்சையில் பலரும் தரையில் நின்று பார்க்கும் படத்திலேயே இரண்டு அம்பையும் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் சமமானால் பஸ் ஏன் திரும்ப வேண்டும்? நேராகத்தானே போகும்! எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்த முறை நூலில் ஒரு நட்டைக் கட்டி சீட்டுக் கம்பியில் தொங்கவிடு. மேலே சொன்ன வேகத்தில் வெளிப்பக்கமாக 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே சாயும்.

கேள்வி: பூமியே சுற்றுகிறதே, அப்புறம் தரை மட்டும் எப்படி நிலைமக் குறிப்பாயம்?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கறாராகப் பார்த்தால் இல்லைங்க. ஆனால் அந்தச் சுழற்சியால் வரும் முடுக்கம் நிலநடுக்கோட்டிலேயே 0.034 மீ/வி² தான், பஸ் கணக்கில் தைரியமாக விட்டுவிடலாம். மணிக்கணக்கில் ஆடும் ஊசலில் விட முடியாது. 1851-ல் பாரிஸில் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் தொங்கவிட்ட குண்டின் ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. அங்கே ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 32 மணி நேரம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் கோபியிலோ சுமார் 5 நாள். வங்கக் கடல் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதும் இதே பூமிச் சுழற்சியால்தான்.