கேளுங்கள், சொல்கிறோம்: கிணற்றுத் தண்ணீரும் ஆய்வுகூடமும்

கேள்வி: கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கிறோம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க, சோடாப் போத்தலை நன்றாகக் கழுவித் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: கூடாது. ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கிய போத்தல் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூளோ ஓரிரு துளி திரவமோ கிடக்கும். அழுக்கென்று நினைத்துக் கழுவிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது சோடியம் தயோசல்பேற்று. தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அந்த இடத்திலேயே முறித்துவிடும். அது இல்லாவிட்டால் போகும் வழியெல்லாம் குளோரின் போத்தலுக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். அறிக்கையும் சுத்தம் என்றே வரும்.

வாளியால் அள்ளி ஊற்றினால் வாளியின் அழுக்கும் சேர்ந்து வரும். போத்தலின் கழுத்தில் சுத்தமான கயிறும் கல்லும் கட்டி, கிணற்றுச் சுவரில் படாமல் ஓரடி ஆழத்துக்கு இறக்குங்கள். குழாயில் எடுப்பதானால் வாயிலுள்ள வடியைக் கழற்றி, துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியைக் கிணற்றுக் கட்டில் வைக்காமல், உட்புறம் கீழே பார்க்கக் கையிலேயே வைத்திருங்கள். போத்தலை நிரப்பி வழியவிட வேண்டாம். மேலே ஓரங்குலம் வெறுமையாக இருந்தால்தான் ஆய்வுகூடத்தில் குலுக்கிக் கலக்க முடியும்.

பிறகு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்புங்கள். உருகிய தண்ணீரில் மூடி மூழ்கக்கூடாது. ஐஸைப் பையில் கட்டி வையுங்கள். 6 மணித்தியாலத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 தாண்டினால் அந்த மாதிரியை மறந்துவிடலாம். வெள்ளி பின்னேரம் எடுக்காமல் திங்கள் காலை எடுப்பது புத்தி. 100 மி.லீ.இல் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி ஒன்று கூட இருக்கக்கூடாது என்பதே குடிநீருக்கான அளவுகோல்.

இன்னொன்று. குளோரின் மணம் அடங்குமுன் சோதித்தால் குளோரின் வேலை செய்தது என்று மட்டும்தான் தெரியும். உங்கள் பக்கத்து மணல் நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் நெருங்கியே இருக்கும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி கொடுங்கள்; குழியிலிருந்து ஊறுகிறதா என்பதை அதுதான் சொல்லும்.

கேள்வி: ஒரே கிணறு, ஒரே நாள். நைத்திரேற்று ஓர் ஆய்வுகூடத்தில் 9, மற்றதில் 40. எது பொய்?
– வாசகர், கல்லடி

பதில்: அநேகமாக இரண்டுமே சரி. அலகைப் பாருங்கள். முதலாவது ‘நைதரசனாக’ என்று போட்டிருக்கும்; அதாவது நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் எடையை மட்டும் சொல்கிறார்கள். அதை 4.43ஆல் பெருக்கினால் 39.9. நைத்திரேற்றாகச் சொன்னால் எல்லை லீற்றருக்கு 50 மி.கி., நைதரசனாகச் சொன்னால் சுமார் 11. இது தெரியாமல் 40ஐ 11உடன் ஒப்பிட்டுக் கிணற்றையே மூடியவர்களும் உண்டு.

கேள்வி: களத்துக்குக் கொண்டுபோன வெற்று மாதிரியில் (ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீர் நிரப்பிய போத்தல்) நாகம் (துத்தநாகம்) காட்டுகிறது. மற்ற முடிவுகளிலிருந்து அதைக் கழித்துவிடலாமா?
– ஆய்வுகூட உதவியாளர், அக்கரைப்பற்று

பதில்: கழித்தால் தவறு மறையும், தீராது. ஆய்வுகூடத்திலேயே செய்த வெற்று மாதிரி சுத்தமாக இருந்தால், அழுக்கு வெளியில்தான் சேர்ந்திருக்கிறது: போத்தல், பாதுகாப்புக்கு விட்ட நைத்திரிக் அமிலம், அல்லது கை. நாகம் என்றால் முதலில் கையுறையைச் சந்தேகியுங்கள். தூள் பூசிய கையுறையில் அது இருக்கும். தூள் இல்லாததை மாட்டிக்கொண்டு அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப எடுங்கள்.

முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுங்கள். 42, 48 என்று வந்தால் வித்தியாசம் 6, சராசரி 45, ஆக 13 சதவீதம், பரவாயில்லை. 20 தாண்டினால் நின்று பாருங்கள்.

அளக்கும் பொருளையே அறிந்த அளவு சேர்த்து, அது முழுதும் முடிவில் வருகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் வடித்த தண்ணீரில் செய்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். வாவிக்கரைக் கிணற்று உப்பு செய்யும் குழப்பம் அதில் தெரியவே தெரியாது. அதே உவர் நீரில் சேருங்கள். இரும்பு 0.20 இருந்த மாதிரியில் 0.50 சேர்த்தால் 0.70 வரவேண்டும். 0.50தான் வந்தால், சேர்த்ததில் 60 சதவீதமே மீண்டிருக்கிறது. அப்படியென்றால் முதலில் கண்ட 0.20ஐயும் நம்பமுடியாது. ஐதாக்கி மறுபடி அளந்துவிட்டுத்தான் அறிக்கையில் எழுதவேண்டும்.