இரங்கல் கட்டுரையில் இல்லாத நடிகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் மூத்த குணச்சித்திர நடிகர் ஒருவர் காலமானார். நாடக மேடையில் தொடங்கி, வானொலி நாடகங்களில் பல ஆண்டுகள் பேசி, பிறகு திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அப்பாவாகவும் தாத்தாவாகவும் வந்துபோனவர். செய்தி கேட்டதும் அழுதுவிட்டேன். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத மனிதருக்காக இப்படி அழலாமா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவே ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன், எவரும் பொருட்படுத்தவில்லை. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். இறந்த கலைஞரின் குறைகளை அஞ்சலியில் சொல்வது முறையா? மறைந்தவர்களின் குரலையும் முகத்தையும் கணினி கொண்டு மீண்டும் உருவாக்குகிறார்களே, அது சரியா? சிறுவயதில் அவருடைய நாடகங்களைப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்பேன். கெட்ட செய்தி சொல்லவேண்டிய இடம் வந்தால், பேசுவதற்கு முன் மெல்லத் தொண்டையைச் செருமுவார். அதைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசையும்.

ம.

அன்புள்ள ம.,

அழுததற்காக நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் வந்து பேசிய குரல் அது. நம் உறவினர்களில் எத்தனை பேர் அவ்வளவு அருகில் வந்து நம்மிடம் பேசியிருக்கிறார்கள்? அந்தக் குரல் நின்றுபோனால் கண்ணீர் வரத்தான் செய்யும்.

குறைகளைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. நேரில் அறிந்தவர், உண்மை என்று தெரிந்தால் சொல்லலாம்; கேள்விப்பட்டவர் வாயை மூடிக்கொள்ளவேண்டும். கணினி உருவாக்கும் குரலைப் பற்றி நான் யோசிக்கவே விரும்பவில்லை. அவர் பேசியதையே நாம் ஒழுங்காகக் கேட்டு முடிக்கவில்லை, பேசாததை அவர் வாயில் திணிக்க என்ன அவசரம்?

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். அதை மூன்று முறை படித்தேன், மூன்றாவது முறை கோபத்துடன் படித்தேன். ‘ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு’, ‘நடிப்புலகின் இமயம்’, ‘ஒரு சகாப்தத்தின் முடிவு’, ‘பாத்திரமாகவே வாழ்ந்து காட்டியவர்’, ‘மக்கள் மனங்களில் நீங்கா இடம்பிடித்தவர்’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நடிகரின் பெயரைப் போட்டாலும் அந்தக் கட்டுரை அப்படியே பொருந்தும். நடிகைக்கும் பொருந்தும், விகுதியை மட்டும் மாற்றினால் போதும். நண்பர்கள் ஏன் பொருட்படுத்தவில்லை என்று வருந்துகிறீர்கள். ஒருவர் இல்லாத இடத்தில் அவரை எப்படிப் பார்ப்பார்கள்?

நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவற்றைச் செய்தேன். முதிய நாடக நடிகர் ஒருவர் இறந்தபோது, அவர் நடிப்பை நான்கு முறை பார்த்தவன் என்பதால், ஒரு சிற்றிதழுக்கு இரங்கல் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே இரவில் இரண்டு பக்கம் எழுதினேன், பலர் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அவருடைய மகளிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா ஆண்டில் பாதிக்குமேல் வெளியூரில் இருப்பார் என்றும், பெண் பிள்ளைகளை நாடகம் பார்க்க அழைத்துச் செல்லும் வழக்கம் வீட்டில் இல்லை என்றும், அதனால் அவர் நடித்ததைத் தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றும் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: “நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்பா மேடையில் என்ன செய்வார்?”

பதில் எழுத உட்கார்ந்தேன். என் நினைவில் இருந்தவையெல்லாம் நானே எழுதிய அந்த இரண்டு பக்கச் சொற்கள்தாம். ‘உணர்ச்சிப் பிழம்பு’ என்று எழுதியிருந்தேன். அந்தப் பிழம்பு எந்தக் காட்சியில், எந்தச் சொல்லில், உடம்பின் எந்த இடத்தில் எரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாட்கள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில், பார்வையற்ற பெரியவர் ஒருவர் யாரோ அழைத்த திசைக்குத் தலையைச் சாய்த்ததைக் கண்டபோது எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

அவர் திருதராட்டிரனாக நடிக்கும்போது கண்ணை மூடமாட்டார். இரு கண்களும் திறந்தே இருக்கும். எதிரில் பேசுபவரை நோக்கி முகத்தைத் திருப்பாமல் வலது காதை மட்டும் திருப்புவார். பேசுகிறவர் நடந்து வேறு பக்கம் போனால், காது ஒரு கணம் பிந்தித்தான் அவரைத் தேடிச் செல்லும். இரண்டு மணி நேரமும் அந்தத் தாமதத்தை ஒருபோதும் மறக்கமாட்டார். கடைசியில் துரியோதனனும் போய்விட்டான் என்று சஞ்சயன் சொல்லும் காட்சியில், இடப்பக்கமிருந்து ஒருவர் அழைப்பார், வலப்பக்கமிருந்து ஒருவர் அழைப்பார். அந்தக் காது எந்தப் பக்கமும் திரும்பாது. அவர் அழவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. இனி யாருடைய குரலையும் கேட்கவேண்டியதில்லை என்று அந்த மனிதன் முடிவு செய்துவிட்டது கடைசி வரிசையில் இருந்த எனக்குக்கூடத் தெரிந்தது.

இதை மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் இரண்டே வரியில் வந்தது: “வீட்டிலும் நாங்கள் பேசும்போது அப்படித்தான் காதைத் திருப்புவார். வயதாகிக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருந்தோம்.”

நம் மொழியில் இப்படி எழுதிவைத்த முன்னோடி இருக்கிறார். சேரன் செங்குட்டுவன் முன் பறையூரைச் சேர்ந்த சாக்கையன் என்ற கூத்தன் ஆடியதை இளங்கோவடிகள் சொல்கிறார். உமையை ஒரு பாகமாகக் கொண்ட சிவன் ஆடிய கொட்டிச் சேதம் என்னும் கூத்து அது. அவன் மாபெரும் கலைஞன் என்று அடிகள் புகழவில்லை. சிவனாகிய பாதியில் காற்சிலம்பு புலம்புகிறது, கையில் பறை ஒலிக்கிறது, சடை திசையெங்கும் அலைகிறது. உமையாகிய பாதியில் பாடகம் பதைக்கவில்லை, சூடகம் துளங்கவில்லை, மேகலை ஒலிக்கவில்லை, காதணி ஆடவில்லை, கூந்தல் அவிழவில்லை. அவ்வளவுதான் சொல்கிறார். ஒரே உடம்பின் ஒரு பாதி கொந்தளிக்க மறுபாதியை அசையாமல் நிறுத்திய அந்தக் கலைஞனை, எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்து நாம் இன்று பார்க்கிறோம். பார்த்ததை ஒருவர் அணிகலன் அணிகலனாக எழுதிவைத்ததால் பார்க்கிறோம்.

வேறொரு நாட்டிலும் இது நடந்திருக்கிறது. டேவிட் காரிக் என்ற ஆங்கிலேய நடிகர் 1779-இல் இறந்தார். ஒலிப்பதிவு பிறக்க இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இருந்தன. லண்டனில் அவர் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நடித்ததைப் பார்த்த லிக்டன்பெர்க் என்ற ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர், தந்தையின் ஆவி தோன்றும் கணத்தை 1775-இல் எழுதிய கடிதமொன்றில் விவரித்தார். காரிக் சட்டெனத் திரும்பி, முழங்கால் தளர்ந்து, இரண்டு மூன்று அடி பின்வாங்குகிறார். தொப்பி தரையில் விழுகிறது. இடக்கை அநேகமாக முழுவதும் நீண்டிருக்கிறது, வலக்கை சற்று மடங்கித் தாழ்ந்திருக்கிறது, விரல்கள் விரிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது. எந்தக் கை எவ்வளவு நீண்டது என்று பார்க்கத் தோன்றியது அந்த அறிவியலாளரின் கண்ணுக்கு. அதன் பயனாகவே காரிக் நமக்கு வெறும் பெயராகாமல் மிஞ்சியிருக்கிறார்.

இப்போதுதான் படம் இருக்கிறதே, பதிவு இருக்கிறதே, எதற்கு எழுதவேண்டும் என்பீர்கள். அந்த நம்பிக்கை வேண்டாம். அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை ஏறத்தாழ 11,000 மௌனக் கதைப்படங்கள் வெளிவந்தன. அவற்றில் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை சுமார் 14 விழுக்காடுதான் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்தன, மக்கின, பயனற்றவை என்று அழிக்கப்பட்டன. தொலைக்காட்சியின் கதையும் இதுவே. ஒளிப்பதிவு நாடாவின் விலை அதிகம் என்பதால், பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1960-களிலும் 70-களிலும் பழைய நிகழ்ச்சிகளை அழித்து, அதே நாடாவில் புதியவற்றைப் பதிந்தது. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் படம் தொலைந்துபோன பகுதிகளுக்கு இன்று ஒலியாவது இருக்கிறதென்றால், அந்த நாட்களில் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சில இளைஞர்கள்தாம் காரணம். நிறுவனம் அழித்ததைப் பார்வையாளர் காத்தார். 1925-இல் இறந்த பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிந்தரின் மகள் மோத், அப்போது கைக்குழந்தை. வளர்ந்த பிறகு திரையில்தான் தந்தையை முதன்முதலாகக் கண்டார்; அவர் படங்களைத் தேடிச் சேர்ப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தேடுவதற்குச் சுருளாவது இருந்தது. மேடையில் நடித்தவரின் மகளுக்கும், நேரலையில் பேசிவிட்டுப் போன வானொலிக் கலைஞரின் மகளுக்கும், பார்த்தவர், கேட்டவர் நினைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நாயகர்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. அவர்களை நூறு பேர் எழுதுவார்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார். உங்கள் நடிகரைப் போன்றவர்களை, ஒரு காட்சிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டுப் போனவர்களை, பெயர்ப்பட்டியல் ஓடும்போது நாம் எழுந்து போய்விடுவதால் பெயரும் தெரியாமல் போனவர்களைப் பற்றி உங்களைப் போல் ஒருவரோ இருவரோதான் எழுத முடியும். அந்த ஒருவரும் ‘இமயம்’ என்று எழுதிவிட்டால், அதன் பிறகு அவரை அறிய யாருக்கும் வழியில்லை. என் கோபம் இதனால்தான், உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கட்டுரையில் இல்லாத அந்த மனிதர் உங்கள் கடிதத்தில் இருக்கிறார். கடைசி இரண்டு வரியில், போகிற போக்கில், தொண்டையைச் செருமுவார் என்று எழுதிவிட்டு முடித்துவிட்டீர்கள். நான் அங்கேதான் நின்றேன். எந்த நாடகம் அது? எவரிடம் என்ன செய்தியைச் சொல்லப்போகிறார்? ஒருமுறை செருமுவாரா, இரண்டு முறையா? செருமலுக்கும் முதல் சொல்லுக்கும் நடுவே எவ்வளவு நேரம் மௌனம் இருக்கும்? அந்த முதல் சொல் பெரும்பாலும் ஒரு பெயரா, ‘அம்மா’ என்ற விளியா, வேறு ஏதாவதா? நாடகத்துக்கு நாடகம் அது மாறியதா? திரைப்படத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் இருந்ததா, அல்லது முகம் தெரிகிறது என்பதால் விட்டுவிட்டாரா?

நினைவு வர நாளாகலாம், அவசரப்படவேண்டாம். உங்களைப் போல் அந்நாளில் கேட்டவர்கள் உடன்பிறந்தவர்களில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், அரைப் பக்கமே இருந்தாலும் அதை இங்கே வெளியிடுகிறேன். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.