நிலக்கரிச் சுரங்கத்தில் ஸ்டாண்ட்பைப் (வாயு வடிக்கும் துளையின் வாயில் சிமென்ட் கலவையால் பதிக்கும் குழாய்) பதித்த பிறகும் அதைச் சுற்றி வாயு கசிவது ஏன்?

பெரும்பாலும் குறை குழாயில் இல்லை, சிமென்ட் கலவையிலும் பதித்த ஆழத்திலும்தான். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் மீத்தேன் வடிக்கும் திசைத்துளை (திசையைக் கட்டுப்படுத்தி இடும் துளை) வழக்கமாக 96 மி.மீ. விட்டம் கொண்டது. அது நுழையும் 100 மி.மீ. ஸ்டாண்ட்பைப் குழாயை, சுமார் 150 மி.மீ.க்கு அகலப்படுத்திய துளையில் 6 முதல் 12 மீட்டர் வரை பதிப்பார்கள். சுரங்கப்பாதையின் பக்கச்சுவரை ஒட்டிய நிலக்கரி விரிசல் விட்டிருக்கும். குழாய் அதைத் தாண்டாவிட்டால் எவ்வளவு கலவை அடித்தாலும் வாயு சுற்றி வரும்.

முதலில் துளையை நன்றாகக் கழுவி, தூளை வெளியேற்றுங்கள். குழாயைச் செருகி, அதைச் சுற்றித் துளையின் வாயை அடைத்துவிடுங்கள். மேல்நோக்கிய துளையென்றால் காற்றுக்குழாய் (உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் சிறு குழாய்) உள்முனைவரை போக வேண்டும். அதன்வழி கெட்டிக் கலவை திரும்பும்வரை பம்ப் செய்யுங்கள். தண்ணீர் கூடிய கலவை படிந்து, குழாயின் மேற்பக்கம் இடைவெளி விடும். அடிக்கடி நடப்பது இதுதான்.

இறுகிய பின் வால்வு பொருத்தி, தண்ணீரால் அழுத்தச் சோதனை செய்யுங்கள். அழுத்தம் இறங்கினால் மேற்கொண்டு துளையிடவே கூடாது.