மோட்டார் மேல் பழி போடும் முன்

பவர் விண்டோ, அதாவது சுவிட்சை அழுத்தினால் மோட்டாரால் ஏறி இறங்கும் கார் ஜன்னல் கண்ணாடி, பற்றிய கேள்விகளில் “மோட்டாரை மாற்றிவிடலாமா?” என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. மாற்றலாம், மற்றதையெல்லாம் பார்த்த பிறகு.

கேள்வி: பின்பக்க இடது கண்ணாடி, ஓட்டுநர் கதவில் உள்ள சுவிட்சுக்கு ஏறி இறங்குகிறது. அந்தப் பின்கதவிலேயே இருக்கும் சுவிட்சுக்கு அசைய மறுக்கிறது. மோட்டார் பழுதா?

இல்லை. ஒரு சுவிட்சுக்கு ஓடுகிற மோட்டார் இன்னொன்றுக்கு ஓடாமல் இருக்காது. முதலில் ஓட்டுநர் கதவில் உள்ள ஜன்னல் பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். குழந்தைகளுக்காக யாராவது அழுத்திவிட்டு மறந்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், கதவைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. அது சரியாக இருந்தால், பின்பக்கச் சுவிட்சுகள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழுதும் கூடவே வலது கதவுக்குப் போய்விட்டால் விசாரணை முடிந்தது.

கேள்வி: கதவைத் திறந்து வைத்தால் கண்ணாடி வேலை செய்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது. ஏன்?

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். கதவின் கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவுக்குள் போகும் ஒயர்கள் அதன் வழியாகத்தான் செல்கின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்ததும் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ரப்பரை ஒரு முனையில் கழற்றித் தள்ளி, ஒயர்களை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்லது விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்தது ரப்பர் நாடாவைப் போல நீளும்.

முறுக்கி டேப் சுற்றுவது சில வாரத்து வைத்தியம். மடங்கும் இடத்திலேயே ஈயப்பற்று வைப்பதும் நல்லதல்ல. அந்த இடம் விறைத்துப்போய், அதன் ஓரத்தில் மறுபடி முறியும். அதே தடிமனில், மெல்லிய இழைகள் நிறைந்த புதிய ஒயர்த் துண்டைச் சேர்த்து, இணைப்புகள் குழாய்க்கு வெளியே மடங்காத பகுதியில் விழும்படி செய்யுங்கள். ஒன்று அறுந்திருந்தால் பக்கத்து ஒயரும் அதே வயதுதான், அதையும் விடாதீர்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: மோட்டார் கனெக்டரில் (ஒயர்கள் மோட்டாரோடு சேரும் செருகியில்) மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, மோட்டார் ஓடவில்லை. இப்போதாவது மோட்டார்தானே?

கனெக்டரைக் கழற்றி அளந்தீர்களா, மாட்டியபடி அளந்தீர்களா? கழற்றி என்றால் அந்த 12 வோல்ட்டை நம்பாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஒற்றை இழை மிஞ்சிய ஒயரும் கருகிப்போன சுவிட்ச் முனையும் அதற்குப் போதும். மோட்டாருக்குப் பல ஆம்பியர் தேவை. அது கேட்ட மாத்திரத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும். கனெக்டரை மாட்டி, பின்புறமாக மீட்டரின் முனைகளைச் செருகி, சுவிட்சை அழுத்தியபடி அளவிடுங்கள். 11 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றும் அசைவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு. 4, 5 என்று விழுந்தால் குறை பெரும்பாலும் வரும் வழியில் இருக்கிறது.

வழி என்றதும் எல்லோரும் பாசிட்டிவ் பக்கத்தையே துருவுகிறார்கள். எளிய வயரிங் உள்ள கார்களில் ஏற்றவும் இறக்கவும் அதே இரண்டு ஒயர்கள்தான். சுவிட்ச் பாசிட்டிவ்வையும் எர்த்தையும் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியையும்) மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. ஆகவே எர்த்தும் சுவிட்சின் முனைகள் வழியாகவே திரும்புகிறது. சுவிட்சை அழுத்தியபடி, மோட்டாரின் எர்த் பக்க ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள்.

இரண்டே ஒயர் உள்ள மோட்டார் என்றால், ஃபியூஸ் சேர்த்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தும் உறுதிசெய்யலாம். ஒயர்கள் அதிகமிருந்தால் உள்ளே மின்னணுப் பலகை இருக்கும். அதில் இந்தச் சோதனை வேண்டாம்.

கேள்வி: 20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போடலாமா?

கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகப்போவது ஒயர்தான், அதுவும் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் கதவு அட்டைக்குப் பின்னால். உரசிக் காயம்பட்ட ஒயரையோ, இறுகிப்போன கண்ணாடியையோ தேடுங்கள்.

கேள்வி: மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை.

மின்சாரம் தன் வேலையைச் செய்துவிட்டது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரின் கேபிளோ, கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப்போ உடைந்திருக்கும்.

கேள்வி: பேட்டரி மாற்றியதிலிருந்து ஒரே தொடுகையில் கண்ணாடி மேலே ஏறுவதில்லை.

இது பழுதே இல்லை. கண்ணாடியின் மேல் எல்லை எது என்பதை மோட்டார் மறந்துவிட்டது. பல கார்களில், கண்ணாடியை முழுக்க ஏற்றிய பின்னும் சுவிட்சைச் சில வினாடிகள் இழுத்துப் பிடித்தால் நினைவு வந்துவிடும். முறை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: மழை நேரத்தில் கண்ணாடி கீழேயே மாட்டிக்கொண்டால்?

பலமுறை ஏற்றி இறக்கி விளையாடியிருந்தால், சூடேறிய மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். சில நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால், ஒருவர் சுவிட்சை மேல்நோக்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் கதவு அட்டையில் மோட்டார் இருக்கும் இடத்தைக் கைமுட்டியால் தட்டலாம். கார்பன் பிரஷ் (உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்த மோட்டார் ஒரு தட்டுக்கு உயிர் பெறும். ஏறத் தொடங்கினால் உள்ளங்கைகளால் இருபுறமும் கண்ணாடியை அழுத்தி மேலே தூக்கிவிடுங்கள், விரல்களை மேல் விளிம்பில் வைக்காமல். ஏறியதும் மீண்டும் இறக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தட்டினால் ஓடும் இந்த ஒரு மோட்டாரை மட்டும் தயங்காமல் மாற்றலாம்.