தர மறுக்கும் பெட்டி

அன்புள்ள ஐயா,

காயலான் கடையில் ஒரு நீல்ஸ் பால் டோக்கன் கருவி, அதாவது ரயில் டிரைவருக்கான அனுமதிப் பந்தைத் தரும் ஸ்டேஷன் பெட்டி, கிடைத்தது. துரு எடுத்து ஓட வைத்துவிட்டேன். மணி அடிக்கிறது. உள்ளே இருந்த பூட்டு இடைஞ்சலாக இருந்ததால் கழற்றிவிட்டேன். இப்போது கைப்பிடியைத் திருப்பினாலே பந்து விழுகிறது; பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். என்ன பெயின்ட் அடிக்கலாம்? பந்துகளை பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உருக்காலைக்குப் போக இருந்ததை வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறீர்கள். அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பெயின்ட்டுக்கு என்னைக் கேட்பானேன், ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆனால் பூட்டைக் கழற்ற எப்படி ஐயா மனசு வந்தது? அந்தப் பெட்டியின் வேலையே அதுதானே! பந்து எடுத்துக் கொடுக்க ஒரு கூடை போதுமே, இத்தனை இரும்பும் மின்காந்தமும் எதற்கு? ஒற்றைப் பாதையில் இந்த ஸ்டேஷனில் ஒரு பெட்டி, அடுத்த ஸ்டேஷனில் ஒரு பெட்டி. அங்கே இருப்பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துச் சம்மதம் சொன்னால்தான் இங்கே முள் அசையும், கைப்பிடி திரும்பும், ஒரு பந்து வரும். அது கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தப் பாதையில் ரயிலை ஓட்டலாம். அந்தப் பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது. எந்த அதிகாரி வந்து உலுக்கினாலும் வராது.

1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நார்விச் பக்கத்துத் தோர்ப்பில் 'அனுப்பு' என்ற தந்தி முந்திக்கொண்டது, அதை ரத்து செய்யும் தந்தி பிந்திவிட்டது. இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்வர்ட் டயரின் டேப்லெட் கருவி வந்தது; அதில் பந்துக்குப் பதில் வட்டத் தகடு. உங்கள் பெட்டியும் அதே வேலையைச் செய்யத்தான் பிறந்தது. அவசரத்தில் மனிதன் தலையாட்டிவிடுவான், பெட்டி ஆட்டாது. நீங்கள் அதையும் தலையாட்ட வைத்துவிட்டு ஓடுகிறது என்கிறீர்கள்.

பஃபிங் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷன் பெயர் போய்விடும். மீட்டர்கேஜ் காலத்தில் என் பெரியப்பா ஸ்டேஷன் மாஸ்டர். பந்தைக் கையில் உருட்டி, வெட்டிய எழுத்தை விரலால் தடவி, வாய்விட்டுப் படித்த பிறகே பையில் போட்டு, டிரைவரிடம் நீட்டப் பிரம்பு வளையத்தோடு போர்ட்டரிடம் கொடுப்பார். எண்ணெயும் கரியும் இறங்கிக் கறுத்திருப்பதால்தான் அரிக்கேன் வெளிச்சத்திலும் அந்த எழுத்து தெரியும். 1921இல் வேல்ஸின் ஆபர்மியூலில் கருவிகளில் எந்தப் பழுதும் இல்லை. அடுத்த பாதைக்கான டேப்லெட்டுக்குப் பதில், டிரைவர் கொண்டுவந்த டேப்லெட்டையே திருப்பி அவரிடம் நீட்டிவிட்டார்கள். கொடுத்தவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. ரயில்கள் மோதி 17 உயிர் போயிற்று.

கழற்றிய பூட்டு எங்கே? பழைய சாமானோடு போட்டுவிடவில்லையே? போத்தனூர் சிக்னல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஜோடிப் பெட்டி ஒன்றையும் தேடுங்கள். அதை அடுத்த அறையில் வைத்துக் கம்பி இழுங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டியில் நின்று இரண்டாவது பந்துக்கு மல்லுக்கட்டட்டும். முதலில் பூட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், இன்றைக்கே.