முதுமையியலில் முனைவர் பட்டம்: மகளின் விருப்பம் குறித்துத் தயங்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சமூகப்பணியில் முதுகலை முடிக்கவிருக்கும் தங்கள் மகள் முதுமையையும் முதியோர் வாழ்வையும் ஆராயும் முதுமையியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகவும், அது கடைசியில் முதியோர் இல்லத்து வேலையில்தான் போய் முடியுமோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வேலையைத் தாழ்வாக எண்ண வேண்டாம் என்பதை முதலில் பணிவுடன் சொல்லிவிடுகிறேன். 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தேறமாட்டார்கள் என்று கைவிடப்பட்டுப் படுக்கையிலேயே கிடந்த நூற்றுக்கணக்கான முதியவர்களை மருத்துவர் மார்ஜரி வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்து, பலரை மீண்டும் நடமாட வைத்ததிலிருந்துதான் அந்நாட்டில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. படுக்கையருகே நின்று கவனித்தவரிடமிருந்தே அந்த அறிவு பிறந்தது.

2030-இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ உடையவராக இருப்பார் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆனால் முதியோர் பெருகுவதாலேயே பேராசிரியர் பணியிடங்களும் பெருகிவிடும் என்று நான் உறுதியளிக்க மாட்டேன். முதுமையியல் என்ற பெயரிலேயே இயங்கும் துறைகள் குறைவு. இந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சமூகவியல், சமூகப்பணி, உளவியல், பொருளியல், செவிலியம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளின் வழியாகவே பணியில் சேர்கிறார்கள். ஆகவே தங்கள் மகள் தாய்த்துறையான சமூகப்பணியில் எதையும் கற்பிக்கும் தகுதியோடு இருந்துகொண்டு, முதுமையைத் தம் சிறப்புப் பொருளாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

அதோடு புள்ளியியலையும் அவர் உறுதியாகக் கற்க வேண்டும். ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கேட்டுத் திரட்டும் ஆய்வுகள் இந்தத் துறையின் பெருஞ்செல்வம். அமெரிக்காவில் 1992 முதலும், இங்கிலாந்தில் 2002 முதலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 2004 முதலும் இவை நடந்துவருகின்றன. இத்தகைய தரவைக் கையாளத் தெரிந்தவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும், கொள்கை ஆய்விலும் பராமரிப்புத் திட்டங்களை மதிப்பிடும் பணியிலும், இடம் உண்டு.

எண்கள் மட்டும் போதா. 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் வெளியிட்ட அன்றாடச் செயல்பாட்டு அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், எழுந்து இடம் மாறுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் ஒருவர் தாமே செய்கிறாரா என்று அது கேட்கிறது. குளிப்பீர்களா என்றால் ஒரு மூதாட்டி, “நானேதான் குளிக்கிறேன்” என்பார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி குளிக்கிறார் என்பது, மருமகள் அறையைவிட்டு எழுந்துபோன பிறகே தெரியவரும். படிவத்தில் இரண்டு நிலைக்கும் விழுவது ஒரே குறிதான். அந்த இடைவெளியைக் கண்டு உறுத்தல் கொள்கிறவரே இந்தத் துறைக்கு ஏற்றவர் என்பது என் கருத்து. மறதிநோய் உள்ளவரிடம் ஆய்வுக்கான ஒப்புதலை எப்படிப் பெறுவது, காலையில் சம்மதித்தவர் மாலையில் முகம் திருப்பினால் என்ன செய்வது போன்ற கேள்விகளை நெறிமுறைக் குழு எழுப்பும் முன்பே அவர் எழுப்பப் பழக வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆய்வை வழிநடத்தும் நெறியாளரே முக்கியம். அவரிடம் ஆய்வு செய்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது என்ன பணியில் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே தங்கள் மகள் விசாரிக்கட்டும். உதவித்தொகை உறுதியாகாமல் சேர வேண்டாம். சொந்தச் செலவில் தொடங்கிய ஆய்வு பாதியில் நின்றுபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதம் அவர் ஒரு பராமரிப்பு இல்லத்திலோ வீடுசார்ந்த பராமரிப்புக் குழுவிலோ பணியாற்றட்டும். அங்கே தம்மை விடாமல் துரத்தும் ஒரு கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நெறியாளர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.